நாவலர் செய்து கொடுத்த புத்தகம்



ரஹாங் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் சமய வகுப்பில் நான் ஒரு தொண்டூழியன். பாதிப் பிள்ளைகள் பக்கத்துத் தாமான்களில் இருப்பவர்கள். மீதிப் பேர் இன்னும் தோட்டத்தில் குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். வேனில் வந்து இறங்குவார்கள். இவர்களுக்காக ஒரு முறை ராத்திரி பகலாக உட்கார்ந்து பாடக் குறிப்பு ஒன்று தயாரித்தேன். ஆறு பக்கம். பதி, பசு, பாசம், ஆகமம், நாயன்மார் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அதில் கொட்டினேன். தாள் செலவு மிச்சமாகட்டும் என்று எழுத்தைச் சின்னதாக்கி, இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடித்தேன். போட்டோஸ்டாட் எடுத்துக் கையில் கொடுத்து, நானே வாசித்து விளக்கமும் சொன்னேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். எனக்கு ஒரே திருப்தி.

மூன்று வாரம் போனது. ஐந்தாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றான். என்னப்பா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அவனுடைய கூட்டாளி ஒருவன், நெற்றியில் ஏன் சாம்பல் பூசுகிறாய் என்று கேட்டானாம். கேலி பண்ணவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறான். இவனுக்குப் பதில் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. நேராகக் குழாயடிக்குப் போய் நெற்றியைக் கழுவிவிட்டானாம்.

எனக்குச் சுருக்கென்றது. திருநீற்றைப் பற்றி என் குறிப்பில் இருக்கத்தான் செய்தது. நாலாம் பக்கத்தில், நடுவில், எங்கேயோ. அடுத்த வாரம் மற்ற பிள்ளைகளையும் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பிள்ளைகள் மேல் கோபித்து என்ன பயன்? கோளாறு என் தாளில் இருந்தது.

இதை நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, பேத்தியை வகுப்பில் விட வரும் ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்தவர். அவருடைய அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் மலாயா ரயில்வேயில் கிராணி வேலைக்கு வந்தவராம். மறு வாரம் அவர் ஒரு மெல்லிய புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அட்டை போய்விட்டது, தாள் பழுத்துவிட்டது. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை, முதற் புத்தகம். சின்ன வயதில் அப்பா கேள்வி கேட்பார், நான் பதில் சொல்லவேண்டும் என்றார். நான் விளையாட்டாக அங்கொன்றும் இங்கொன்றுமாக அஞ்சாறு கேள்வி கேட்டேன். எண்பது வயதைத் தாண்டிய மனிதர், ஒன்றில்கூடத் தடுமாறவில்லை.

என் ஆறு பக்கம் மூன்று வாரம்கூட நிற்கவில்லை. இந்தப் புத்தகம் எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதரோடு இருந்திருக்கிறது. இதைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்று அன்றிலிருந்து தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆறுமுக நாவலர் 1822 டிசம்பர் 18-ஆம் தேதி யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தார். தந்தையார் கந்தப்பிள்ளை, தாயார் சிவகாமி அம்மையார். தந்தையார் நாடகம் எழுதுபவர். அவர் ஒரு நாடகத்தைப் பாதியில் விட்டுக் காலமானபோது, சிறுவனாக இருந்த ஆறுமுகம் அதை முடித்துவைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு நல்லூர் சரவணமுத்துப் புலவரிடமும், சரவணமுத்துப் புலவருக்கே ஆசிரியரான இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும் தமிழ் படித்தார்.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். படிப்பது ஏட்டுச்சுவடியில். ஓலையில் புள்ளி வைத்தால் கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமா ஏகாரமா என்று தெரியாது. காலா ரகரமா என்றும் சட்டென்று தெரியாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, வாக்கியம் எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளமும் கிடையாது. ஏற்கெனவே தெரிந்தவன்தான் அதை வாசிக்க முடியும். அதனால் எல்லாம் செய்யுளாக இருந்தது. ஓசையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மனப்பாடம் நன்றாக வந்தது. பொருள் பல வருஷம் கழித்துத்தான் வரும், சிலருக்கு வராமலே போகும்.

ஆறுமுகம் இந்தப் படிப்பிலும் தேர்ந்தார், வேறொரு படிப்பையும் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்து ஆங்கிலம் படித்தார். அங்கேயே ஆசிரியராகவும் ஆனார். பள்ளியின் தலைவர் பீட்டர் பார்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணையாக இருந்து உழைத்தார். இதைச் சொல்ல நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. அச்சுப் புத்தகம் என்றால் என்ன, வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பாடம் நடத்துவது எப்படி, கேள்வியும் பதிலுமாகச் சமயத்தைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதையெல்லாம் அவர் அங்கேதான் கண்ணால் பார்த்தார். மிஷன் பள்ளிகளின் பலம் எதில் இருக்கிறது என்றும் பார்த்தார். அவர்களிடம் நல்ல புத்தகம் இருந்தது. சைவப் பிள்ளைகளிடம் பழைய ஏடு இருந்தது. யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரியாத பிள்ளை, கேட்டவன் பக்கமே சாய்ந்துவிடுகிறது. குழாயடியில் நின்ற எங்கள் பையனுக்கு நேர்ந்தது, அன்றைக்கு ஒரு ஊருக்கே நேர்ந்துகொண்டிருந்தது.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் முதல் பிரசங்கத்தைச் செய்தார். அப்போது வயது இருபத்தைந்து. தொடர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் பேசினார். 1848-இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதே ஆண்டில் மிஷன் பள்ளி வேலையை விட்டார். கையில் இருந்த சம்பளம் போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை இந்த வேலைதான் அவருக்குக் குடும்பம்.

பள்ளி தொடங்கியாயிற்று. எதை வைத்துப் பாடம் நடத்துவது? இங்கேதான் அவருடைய அருமை எனக்குப் புரிந்தது. நல்ல ஆசிரியர் இருந்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. ஆசிரியர் வீட்டுக்குப் போன பிறகும் பிள்ளையோடு இருக்கிற பொருள் புத்தகம்தான். 1849-இல் அச்சு இயந்திரம் வாங்கத் தமிழகத்துக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர் பேச்சைக் கேட்டு நாவலர் என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். பட்டத்தோடு அச்சு இயந்திரமும் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது. அச்சுக்கூடத்துக்கு வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயர் வைத்தார். வித்தியாநுபாலனம் என்றால் கல்வியைப் பேணிக் காப்பது.

அந்த அச்சுக்கூடத்திலிருந்து வந்ததுதான் பாலபாடம் வரிசை. இன்று பள்ளிப் பாடநூலை வரிசையாகப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய காரியமாகத் தெரியாது. அன்றைக்குச் சைவத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிது. முதற் புத்தகத்தில் எழுத்து, சொல், பிறகு சின்னச் சின்ன வாக்கியம். ஒரு வாக்கியத்தில் ஒரே சங்கதி. அடுத்தடுத்த புத்தகத்தில் வாக்கியம் கொஞ்சம் நீளும், பொருளும் கொஞ்சம் கனக்கும். நான்காம் புத்தகத்துக்கு வரும்போது கடவுள், கல்வி, தருமம் என்று பெரிய விஷயங்களைக் கட்டுரையாகவே படிக்கப் பிள்ளை தயாராகிவிடும். இலக்கணத்துக்கும் அவர் இப்படித்தான் படிக்கட்டு வைத்தார். ஆரம்பத்துக்கு இலக்கண வினாவிடை, அதற்கு மேலே இலக்கணச் சுருக்கம், இன்னும் மேலே போகிறவனுக்கு நன்னூலும் அதற்குக் காண்டிகையுரையும். கடைசிப் படியில் நிற்கிறவன் முதல் படிக்காரனுக்காகவும் புத்தகம் எழுதினால்தான் இது நடக்கும்.

அடுத்து அவர் கை வைத்தது சந்தியில். தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நானே ஒன்று சொல்கிறேன், பாருங்கள்: 'அவனங்கிருந்தெழுந்தோடினான்.' இதையே 'அவன் அங்கு இருந்து எழுந்து ஓடினான்' என்று பிரித்து எழுதினால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையும் வாசிக்கும். சந்தி தெரியாதவர் அல்ல நாவலர். அவரைப்போல் தெரிந்தவர்கள் சிலரே. அப்படிப்பட்டவர் 1852-இல் பெரிய புராணத்தை வசனமாக எழுதி வெளியிட்டபோது, பெரும்பாலும் சந்தி விகாரம் இல்லாமல் எழுதியிருப்பதாக முன்னுரையில் சொல்லியே எழுதினார். பிழையில்லாமல் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் பொருள் விளங்கவேண்டும், அதே சமயம் புலவர்களும் அதை மெச்சவேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட குறி. காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி ஆகியவற்றைத் தமிழ் வசனத்தில் ஒழுங்காகப் பயன்படுத்திக் காட்டியதும் அவர்தான். இந்தக் குறிகள் ஐரோப்பியர் வழியாக வந்தவை. பிள்ளைக்கு உதவும் என்று கண்டதும் தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

எழுத்துப் பிழை விஷயத்தில் மகா கண்டிப்பானவர். நாவலர் பதிப்பு என்றால் பிழையில்லாத பதிப்பு என்று இன்றைக்கும் படித்தவர்கள் சொல்வார்கள். 1861-இல் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்தபோது காட்டிய கவனத்தைத்தான் சிறு பிள்ளைகளின் பாலபாடத்திலும் காட்டினார். சின்னப் பிள்ளைதானே, இது போதும் என்று விடவில்லை.

இனி அந்தப் பெரியவர் கொண்டுவந்த சைவ வினாவிடைக்கு வருகிறேன். பக்கத்துக்குப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கேள்வியும் ஒரு வரிதான். பதிலும் சிறியது.   ஒரு பதிலில் புதிதாக ஒரு சொல் வந்தால், அடுத்த கேள்வி அந்தச் சொல்லைப் பற்றியே இருக்கிறது. பிள்ளை மனதில் எழக்கூடிய கேள்வியைப் புத்தகமே முந்திக்கொண்டு கேட்கிறது. முதற் புத்தகத்தில் சுருக்கம்; இரண்டாம் புத்தகத்தில் விரிவு. எல்லாவற்றுக்கும் மேல், பதிலைக் கையால் மூடிக்கொண்டு தன்னைத் தானே சோதித்துக்கொள்ளலாம். வாசிக்கத் தெரியாத அம்மாகூடப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டே கற்றுக்கொள்ளலாம்.

இதெல்லாம் பழைய காலத்து மனப்பாடம் என்று சிலர் நினைக்கலாம். எர்மன் எபிங்கவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, மறதியைப் பற்றி 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். படித்தது முதலில் வேகமாக மறக்கிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால் நிலைக்கிறது என்று அவர் காட்டினார். அதற்கு ஆறு ஆண்டுக்கு முன்பே நாவலர் மறைந்துவிட்டார். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் வாசித்துவிட்டு, பாடத்தைப் பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். என் வகுப்பில் பிள்ளைகள் தலையாட்டியது அந்த ஐந்து நிமிடத்து வெற்றிதான். பெரியவருடைய அப்பா கேள்வி கேட்டது மற்ற வழி.

நாவலர் வாழ்க்கை சுகமாக ஓடவில்லை. பணத்துக்கு எப்போதும் முட்டுப்பாடு. 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1872-இல் சைவப் பிள்ளைகள் ஆங்கிலமும் படிக்கவேண்டும் என்று வண்ணார்பண்ணையில் ஒரு ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். பணமில்லாமல் சில ஆண்டுகளில் அதை மூடும்படி ஆயிற்று. 1877-இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் பிடித்தபோது, புத்தகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்தார். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பது அவருக்குத் தெரியாததா? 1879 டிசம்பர் 5-ஆம் தேதி அவர் மறைந்தபோது ஐம்பத்தேழு வயது நிறையவில்லை.

நாம் வணங்கும் பெரியவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வள்ளலார் பாடல்களை அருட்பா என்று சொல்லக்கூடாது என்று நாவலர் எதிர்த்தார். அந்தச் சண்டை 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இதைவிட நம்மைத் தொடுகிற விஷயம் ஒன்று உண்டு. சாதி ஆசாரத்தை நாவலர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பாடப் புத்தகங்களிலும் அது இருக்கிறது. என் பாட்டி இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் விடியற்காலையில் எழுந்து பால்மரம் சீவியவர். கையெழுத்துப் போடத் தெரியாது. அவரைப்போன்றவர்கள் நாவலர் காலத்து யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால், அந்தப் புத்தகம் அவர்கள் கைக்கு வந்திருக்குமா என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். பதில் மனதுக்குச் சுகமாக இல்லை.

அதற்காக அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. நாவலர் மிஷன் பள்ளியோடு கடைசிவரை வாதாடினார். ஆனால் அவர்களிடம் இருந்த நல்ல கருவியை எடுத்துக்கொண்டு தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நாமும் அதே வேலையைச் செய்யலாம். அவருடைய கருவியை எடுத்துக்கொண்டு, அவர் கதவைச் சாத்தி வைத்த பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம்.

எங்கள் வகுப்பில் அப்படித்தான் செய்தோம். ஆறு பக்கக் குறிப்பு குப்பைக்குப் போனது. இப்போது வாரத்துக்கு ஒரே தாள், ஒரு பக்கம் மட்டும். எழுத்து பெரிசு. ஐந்து கேள்வி, ஐந்து பதில். ஒரு பதிலில் ஒரு சங்கதிக்கு மேல் வராது. ஒட்டிய சொற்களைப் பிரித்து அச்சடிக்கிறோம். தாளை நடுவில் மடித்தால் கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம், தானாகவே கேட்டுக்கொள்ளலாம். ஐந்தில் மூன்று புதிது, இரண்டு போன வாரத்தது. அச்சடிக்கும் முன்பு தமிழாசிரியை ஒருவர் பிழை பார்க்கிறார். சாதி பேதம் சொல்லும் எதற்கும் எங்கள் தாளில் இடமில்லை. இதைத் தயாரிப்பது ஆறு பக்கம் எழுதுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. எதைச் சொல்வது என்பது சுலபம். எதை இந்த வாரம் சொல்லாமல் விடுவது என்பதில்தான் தூக்கம் போகிறது.

முதல் தாளின் முதல் கேள்வி திருநீறு எதைக் காட்டுகிறது என்பதுதான். எல்லாம் எரிந்த பிறகு மிஞ்சுவது சாம்பல். இந்த உடம்பும் ஒரு நாள் அப்படித்தான், ஆகவே கர்வம் வேண்டாம் என்பதற்கு அது அடையாளம் என்று பதில் எழுதினோம். அந்தப் பையன் அதைத் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். அடுத்த வாரம் வந்து, அவனுடைய பாட்டிக்கும் எல்லாப் பதிலும் தெரியும் என்று சொன்னான். பாட்டிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ராத்திரி இவன்தான் கேள்வி கேட்டுச் சொல்லிக்கொடுத்தானாம். பாட்டி ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டாராம், அதில் இவனுக்கு ஒரே சந்தோஷம்.

கூட்டாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டாயா என்று நான் அவனைக் கேட்கவில்லை. அன்று காலை நெற்றியில் திருநீறு இருந்தது. அது போதும் எனக்கு.

இளைஞர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வகுப்பு இருக்கும். அடுத்த முறை குறிப்பு எழுத உட்காரும்போது, நமக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டுகிற ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தாளை வாங்கப் போகிற பிள்ளையை எதிரில் உட்கார்த்தி வைத்து நினைத்துப் பார்த்து எழுதுங்கள். நல்லூரில் பிறந்த அந்த மகா பண்டிதர் நமக்கு விட்டுப்போன பாடம் அது.